கோச்சுக்குக் கோடி, மற்றவருக்கு டாட்டா

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகிற அளவுக்கு ஒரு சண்டை. கிளாஸ்மேட் ஒருத்தன், மான்செஸ்டர் யுனைடெட் வெறியன். "ஓனர் மாறினா முதல்ல கோச்சைத்தான் தூக்குறாங்க மச்சி. பாவம்டா, அவங்களுக்கு வேலைக்கு ஒரு கேரண்டியும் இல்ல" என்று ஆரம்பித்தான். "கோச்சை விடு, அவர் பொழைச்சுக்குவார். மத்தவங்களைப் பத்திப் பேசு" என்றேன். "மத்தவங்கன்னா யாரு?" என்று கேட்டான் பாருங்க! அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2010 நவம்பரில் புனேயின் கோழி நிறுவனமான வெங்கீஸ், இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை வாங்கியது. டிசம்பர் 13 அன்று மேனேஜர் சாம் அலர்டைஸ் வெளியே. அணி அப்போது 13-வது இடத்தில் இருந்தது, அப்படி ஒன்றும் மோசமில்லை. 2012-ல் அதே அணி பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கிவிட்டது. 2021 அக்டோபர் 7 அன்று நியூகாசில் கை மாறியது. 13 நாளில் ஸ்டீவ் புரூஸ் போய்விட்டார். 2022 மே 30 அன்று செல்சி கை மாறியது. 2021-ல் சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்த தாமஸ் டூகலுக்கு செப்டம்பர் 7 அன்று கல்தா.

ஆக, கோச்சின் நாற்காலி ஆடுகிற நாற்காலிதான். ஆனால் அது ஆடும் என்று அவருக்கும் தெரியும், அவர் ஏஜெண்டுக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும். நாளைக்கு அனுப்பினால் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடும் அன்றைக்கே பேசி வைத்துவிடுகிறார்கள். இதைப் போய் வேலை இழப்பு என்று சொன்னால், நிஜமாகவே வேலை இழந்தவன் சிரிப்பான்.

இப்போது நம்ம வெறியனின் கிளப்புக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் ஜிம் ராட்கிளிஃப் சுமார் 27.7 சதவீதப் பங்கை வாங்கினார். பெரும்பான்மை வாக்குரிமை அப்போதும் க்ளேசர் குடும்பத்திடம்தான் இருந்தது. ஆனால் கால்பந்து நிர்வாகம் ராட்கிளிஃபின் இனியோஸ் கைக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

2024 ஜூலையில் டென் ஹாக்குக்கு 2026 வரை ஒப்பந்த நீட்டிப்பு. அதே மாதம் சுமார் 250 ஊழியர்களைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு. அக்டோபர் 28 அன்று டென் ஹாக் நீக்கம். ஜூலையில் சேர்ந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த் டிசம்பரில், ஐந்தே மாதத்தில், அவுட். டென் ஹாக்கையும் அவரது உதவியாளர்களையும் அனுப்பிய செலவு 1.04 கோடி பவுண்டு. ஆஷ்வொர்த்துக்கு 41 லட்சம். 2025 பிப்ரவரியில் இன்னும் 150 முதல் 200 பேருக்கு வேலை போகும் என்று இரண்டாவது அறிவிப்பு. கூடவே, ஓல்ட் டிராஃபோர்டில் ஊழியர்களுக்கு இருந்த இலவச மதியச் சாப்பாடும் நிறுத்தம், பதிலுக்குப் பழம். என்ன கொடுமை சார் இது!

காமர்ஸ் பையன் என்பதால் கை சும்மா இருக்காது, கால்குலேட்டர் தட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு தொகையும் சேர்ந்தால் 1.45 கோடி பவுண்டு. முதல் சுற்றில் போன 250 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 58,000 பவுண்டு. 2024-ல் பிரிட்டனில் முழுநேர ஊழியரின் நடுமட்ட ஆண்டுச் சம்பளமே சுமார் 37,000 பவுண்டுதான். அதாவது மேலே இருப்பவர்கள் ஆள் தேர்வில் செய்த தப்பின் விலை, கீழே 250 பேரின் ஒன்றரை வருஷச் சம்பளம் அளவுக்கு வருகிறது. தப்பு செய்தது யார், தண்டனை யாருக்கு?

"சட்டம் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது, அதில்தான் ஓட்டையே. பிரிட்டனில் 2006-ல் வந்த ட்யூபி விதிகள்படி ஒரு தொழில் கை மாறினால் ஊழியர்களின் ஒப்பந்தமும் அப்படியே புது முதலாளிக்குப் போகும். கை மாறியதையே காரணமாக வைத்து ஆளைத் தூக்க முடியாது. ஆனால் இது தொழிலையே விற்றால்தான். பங்குகளை மட்டும் விற்றால் பொருந்தாது. ஏன்? கம்பெனி லா பேப்பரில் எல்லோரும் உருப்போட்ட சாலமன் வழக்கு (1897) ஞாபகம் இருக்கா? கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு. பங்கு யாரிடம் போனாலும் உன் முதலாளி அதே கம்பெனிதான், அதனால் எதுவும் மாறவில்லை என்கிறது சட்டம். பெரிய கிளப்புகள் கை மாறுவது பெரும்பாலும் பங்கு விற்பனையாகத்தான். பேப்பரில் எதுவும் மாறவில்லை. ஆபீஸில் எல்லாமே மாறிவிட்டது.

ஆட்குறைப்பு வந்தால் மிஞ்சுவது இதுதான்: 100 பேருக்கு மேல் என்றால் 45 நாள் கலந்தாலோசனை, அப்புறம் இழப்பீடு. பத்து வருஷம் வேலை பார்த்த 35 வயது ஆளுக்குச் சட்டம் தரும் குறைந்தபட்சம் பத்து வாரச் சம்பளம். வாரத்துக்கு 700 பவுண்டு என்பது 2024 ஏப்ரல் முதல் இருந்த உச்சவரம்பு. ஆக 7,000 பவுண்டைத் தாண்டாது. கிளப்பாகப் பார்த்துக் கூடக் கொடுத்தால் அது அவர்கள் தயவு.

மெஸ் நண்பனின் எதிர்வாதம்: "கிளப் தொடர்ந்து அஞ்சு வருஷம் நஷ்டம்டா. செலவைக் குறைக்காம என்ன பண்ணுவாங்க?" நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். நஷ்டம் உண்மைதான். ஆனால் நஷ்டம் எங்கிருந்து வந்தது? 2005-ல் க்ளேசர்கள் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதன் வட்டி ஒரு பக்கம், வீரர்களை வாங்கிய செலவு ஒரு பக்கம். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர் இதில் எதற்குக் கையெழுத்துப் போட்டார்? சரி, இவ்வளவு வெட்டியும் ஆட்டமாவது தேறியதா? 2024-25-ல் லீக்கில் 15-வது இடம். யூரோப்பா லீக் இறுதியிலும் தோல்வி.

நம்ம ஊருக்கும் வருவோம். 2012 செப்டம்பரில் பி.சி.சி.ஐ. டெக்கான் சார்ஜர்ஸின் உரிமத்தை ரத்து செய்தது. அடுத்த மாதமே நம்ம சென்னையின் சன் டிவி, வருஷத்துக்கு 85.05 கோடி ரூபாய்க்கு ஹைதராபாத் அணியை எடுத்தது. சங்கக்காரா, ஸ்டெயின் உட்படப் பல வீரர்கள் புது அணிக்கு வந்தார்கள். கோச் டேரன் லீமன் போய் டாம் மூடி வந்தார். பழைய கம்பெனி வழக்குப் போட்டது. 2020-ல் மத்தியஸ்தர் சுமார் 4,800 கோடி தரச் சொன்னார், 2021-ல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீரர், கோச், கம்பெனி என எல்லோர் கதையும் பேப்பரில் வந்தது. பழைய அணியின் ஆபீஸில் கணக்கு எழுதியவர் என்ன ஆனார் என்று நாம் யாராவது கேட்டோமா?

நான் கேட்பது சோஷலிசப் புரட்சி எல்லாம் இல்லை :-) மூன்றே விஷயம். ஒன்று, பங்கு விற்பனையில் நிர்வாகம் கை மாறினாலும் ட்யூபி போன்ற பாதுகாப்பு ஊழியருக்கு வேண்டும். இரண்டு, புது ஓனருக்கு லீக் அனுமதி கொடுக்கும்போதே "ஊழியர்களை என்ன செய்யப் போகிறாய்?" என்று எழுதி வாங்க வேண்டும், முதல் இரண்டு வருஷம் அதை மீறினால் அபராதம். மூன்று, கோச்சுக்கும் டைரக்டருக்கும் கோடிகளில் செட்டில்மெண்ட் கொடுத்த வருஷத்தில், சம்பளம் குறைந்தவர்களை ஆட்குறைப்பு செய்யத் தடை. மேலே வீணடிக்கப் பணம் இருக்கிற இடத்தில் கீழே கொடுக்கவும் பணம் இருக்கும்.

இவ்வளவு சூடு எதுக்குன்னு கேட்டால், காரணம் இருக்கு. நான் பத்தாவது படிக்கும்போது, அப்பா 19 வருஷமாக ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி கை மாறியது. புது மேனேஜ்மெண்ட் கூட்டம் போட்டு, "நாம எல்லாம் ஒரே குடும்பம், எதுவும் மாறாது" என்று சொல்லி ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தது. மைசூர்பா. வீட்டில் நாங்கள் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம். ஏழு மாதம் கழித்து லெட்டர் வந்தது. எந்த ஸ்பேர் எந்த ரேக்கில் இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லக்கூடிய மனுஷர், அதற்கப்புறம் ஒரு மாதம் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

மெஸ்ஸில் இதைச் சொல்லவில்லை, சொல்ல வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

"மத்தவங்கன்னா யாரு?" என்று கேட்டாயே மச்சி, இவங்கதான். கோச் யாரென்று உனக்கு உடனே சொல்லத் தெரியும். அடுத்த முறை ஏதாவது ஒரு அணி கை மாறிய செய்தியைப் படிக்கும்போது, இவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோ.

பி.கு: வெறியர்கள் பின்னூட்டத்தில் திட்டலாம். என் கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் திருத்திக்கொள்வேன்.