ஒப்பந்தம் முடிந்ததும் மறையும் விளையாட்டுகள்

2013 டிசம்பரில் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' என்ற சண்டை விளையாட்டு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் பழுது ஏதும் இல்லை. ஸ்பைடர்மேன், வுல்வரின் முதலிய பாத்திரங்களைப் பயன்படுத்த மார்வெலிடம் ஜப்பானிய நிறுவனமான கேப்காம் வாங்கியிருந்த உரிமத்தின் காலம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். 56 பாத்திரங்களில் மூவரை அணியாகச் சேர்த்து, நொடிக்கு நொடி ஆளை மாற்றி மோதும் இந்த விளையாட்டு 2000-ல் ஆர்கேட் கூடங்களுக்கு வந்தது. அமெரிக்காவின் 'ஈவோ' போட்டியில் 2010 வரை ஆண்டுதோறும் ஆடப்பட்டது. அப்படிப்பட்ட ஒன்றைக் கன்சோலுக்குப் புதிதாக வாங்க 2024 செப்டம்பர் வரை வழியில்லாமல் இருந்தது. இடையில் விலை கூடிய பழைய வட்டுகளும், வீட்டில் வைக்கும் ஆர்கேட் பெட்டி ஒன்றும்தான் கிடைத்தன. மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு படைப்பு, இரு நிறுவனங்களின் ஒப்பந்தக் காலத்தோடு சேர்ந்து மறையக் கூடாது. உரிமையாளர்கள் விற்காத காலத்தில் நூலகங்களும் காப்பகங்களும் அதை ஆடக் கொடுக்கச் சட்டம் இடமளிக்க வேண்டும்.

பழைய பதிப்பு எங்கேனும் கிடைக்கும்தானே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு, மார்வெல், கேப்காம் பாத்திரங்கள் மோதும் இந்த வரிசையின் முதல் விளையாட்டே சான்று. 1996-ல் கேப்காம் வெளியிட்ட 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆர்கேட் விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வீரர்கள். அடிபட்டவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரைக் களத்தில் இறக்கலாம். வெளியே நிற்பவர் இழந்த உயிரில் ஒரு பகுதியை மெல்ல மீட்டுக்கொள்வார். யாரை எப்போது இழுப்பது, எதிராளி ஆள் மாற்றும் அந்த நொடியை எப்படித் தண்டிப்பது என்பதில்தான் ஆட்டத்தின் மூளை இருக்கிறது. இதற்கு நான்கு பாத்திரங்களின் அசைவுப் படங்களும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். சேகா சாட்டர்ன் கன்சோலுக்கு 1997-ல் ஜப்பானில் வந்த பதிப்போடு 4 மெகாபைட் கூடுதல் நினைவகக் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து வந்ததால் ஆள் மாற்றம் அப்படியே நிலைத்தது. 1998-ல் வந்த பிளேஸ்டேஷன் பதிப்புக்கு அந்த வசதி இல்லை. அந்தக் கன்சோலின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட்தான். வட்டிலிருந்து படங்களை இழுத்துவருவதற்குள் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே கூட்டாளி ஒரு அடி அடித்துவிட்டுப் போகும் துணையாளாகச் சுருங்கினார். ஆட்டக்காரர் இருவரும் ஒரே ஜோடியை எடுத்து ஆடும் தனி முறை ஒன்றில் மட்டும் ஆள் மாற்றம் மிஞ்சியது. படங்களும் இசையும் பெட்டியின் மேலிருந்த பெயரும் இருந்தன. அந்தப் பெயருக்கு உரிய ஆட்டம் இல்லை. சாட்டர்ன் பதிப்பு ஜப்பானைத் தாண்டி விற்கப்படவில்லை. அமெரிக்கக் கன்சோல்களுக்கு மூல ஆட்டம் முழுதாகக் கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின.

இதில் பொறியாளர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கையிலிருந்த இயந்திரத்துக்குள் அடங்கியதை அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் விற்பனைக்கு வரும் வீட்டுப் பதிப்பை மட்டும் நம்பி ஒரு படைப்பின் நினைவை விட்டுவைக்க முடியாது என்பது இதிலிருந்து தெளிவு. மூல ஆர்கேட் பலகையின் கதையோ இன்னும் கொடிது. அந்த விளையாட்டு ஓடிய 'சிபிஎஸ்-2' மின்சுற்றுப் பலகையில் நிரல் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதை அவிழ்க்கும் திறவுகோல் ஒரு சிறு பேட்டரியின் மின்சாரத்தில் உயிர் தரித்திருந்தது. பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும், பலகை செத்துவிடும். திருட்டு நகலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, மூலப் பிரதி ஒவ்வொன்றுக்கும் இறப்பு நாளையும் குறித்துவைத்தது. 2001-ல் அந்தக் குறியாக்கத்தை முதலில் அவிழ்த்தவர்கள் நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஆர்வலர்கள். பணம் பெறாமல், சட்டத்தின் நிழலுக்கு அஞ்சியபடி அவர்கள் செய்த உழைப்பால்தான் செத்த பலகைகளுக்கு மீண்டும் உயிர் கொடுக்க முடிந்தது. ஒரு காப்பகம் வெளிச்சத்தில் செய்திருக்க வேண்டிய வேலையைத் தனிமனிதர்கள் மறைவில் செய்ய நேர்ந்தது வெட்கத்துக்குரியது.

சந்தையே கடைசியில் வழி கண்டதே என்பார்கள். உண்மைதான். 2024 செப்டம்பரில் கேப்காம் ஏழு பழைய விளையாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. மேலே சொன்ன இரண்டும் அதில் உண்டு, ஆள் மாற்றமும் முழுதாக உண்டு. மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அதற்கு முன் என்ன நடந்தது? 2021-ல் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2'-ஐ விடுவிக்கக் கேட்டு ரசிகர்கள் இணையத்தில் பெரும் இயக்கமே நடத்தினார்கள். கேட்க அத்தனை குரல்கள் இருந்த விளையாட்டுக்கே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று என்றால், குரல் இல்லாதவற்றின் கதி என்ன? அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை என்று கண்டது. மறுவெளியீடு என்பது லாபம் தெரியும் சிலவற்றுக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு. அந்த 2024 தொகுப்பும்கூட மார்வெல் தரும் உரிமத்தின் மேல்தான் நிற்கிறது.

வலுவான எதிர்வாதம் உரிமையாளர்களுடையது. பாத்திரங்கள் மார்வெலின் சொத்து, நிரல் கேப்காமின் சொத்து. நூலகம் வழியாக யாரும் இலவசமாக ஆடலாம் என்றால் பழைய விளையாட்டுகளை மீண்டும் வெளியிடும் தொழிலே படுத்துவிடும் என்கிறார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இந்த அச்சத்துக்குத்தான் செவிசாய்த்தது. நூலகங்கள் பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கலாம், தம் கட்டடத்துக்குள் காட்டலாம். தொலைவிலுள்ள ஆய்வாளருக்கு இணையம் வழியே திறந்துகாட்டக் கூடாது என்பதே முடிவு. பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்கள் என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. நாவலையும் திரைப்படத்தையும் நூலகத்தில் எடுப்பவரிடம் பொழுதுபோக்குக்காகவா என்று கேட்பதில்லை. இன்பத்துக்காக ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட படைப்பை இன்பமின்றிப் பயில்வது எப்படி? தொழில் நசியும் என்ற அச்சத்துக்கும் நேரான விடை உண்டு: விற்பனையில் இருக்கும் விளையாட்டுக்கு இந்த அனுமதி பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதலாம். அப்போது விற்க நினைப்பவருக்கு இழப்பு இல்லை. விற்காமல் பூட்டிவைப்பவரிடமிருந்து, வராத பணத்தை யாரும் பறிக்கப்போவதும் இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய விலக்குகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படுகின்றன. அடுத்த முறை 2027-ல் வருகிறது. விற்பனையில் இல்லாத விளையாட்டை நூலக உறுப்பினர் ஒருவர், ஒரு பிரதிக்கு ஒருவர் என்ற வரம்புக்குள், இருந்த இடத்திலிருந்தே ஆடிப்பார்க்க அப்போதாவது அனுமதிக்க வேண்டும்.