வீட்டு பீர் போட்டா கண்ணு போயிருமா? – ஒரு இழை

1/ போன வாரம் மேட்டுப்பாளையம் க்ளினிக்ல. சுகர் செக்கப்புக்கு வந்த அப்பாவைக் கூட்டிட்டு வந்த பையன், அப்பா வெளிய போனதும் மெதுவா கேட்டார்: "டாக்டர், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வாங்கி வீட்லயே ஸ்டீம் பீர் போடலாம்னு இருக்கேனுங்க. கண்ணு கிண்ணு போயிருமாங்க?"

2/ நேர் பதில்: அதுல கண்ணு போகாது. ஆனா போடாதீங்க. ரெண்டுக்கும் காரணம் வேற வேற. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

3/ மால்ட்ல இருக்கற சர்க்கரையை ஈஸ்ட் தின்னா வர்றது எத்தனாலும் கரியமில வாயுவும். மெத்தனால் முக்கியமா பழங்கள்ல இருக்கற பெக்டின்ல இருந்து வரும். மால்ட்ல அது பேருக்குத்தான்.

4/ அப்ப 2023 மே மரக்காணம்? 2024 ஜூன் கள்ளக்குறிச்சி? அது புளிச்சதால வந்த விஷம் இல்லைங்க. ஃபேக்டரிக்குப் போற மெத்தனாலைக் கலந்து வித்தது. கள்ளக்குறிச்சியில மட்டும் 60 பேருக்கு மேல போயிட்டாங்க.

5/ இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? மெத்தனால் குடிச்ச உடனே சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமா மாத்தினதுக்கு அப்புறம்தான் ஆட்டம். பெரும்பாலும் 12-24 மணி நேரம் கழிச்சு வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறது, பார்வை பனி மூட்டம் மாதிரி.

6/ "தெரிஞ்ச ஆள்கிட்டதான வாங்கினேன், இது ஹேங்கோவர்"னு மோரைக் குடிச்சுட்டுப் படுத்தா அந்த நேரம் திரும்ப வராது. சிகிச்சை இருக்கு: ஃபோமெபிசோல் அல்லது எத்தனால், டயாலிசிஸ். சீக்கிரம் வந்தா கண்ணையும் உயிரையும் காப்பாத்த வாய்ப்பு அதிகம். கேஸ் ஆகிரும்னு பயந்து வீட்ல இருக்காதீங்க. 108 கூப்பிடுங்க.

7/ சரி, பீர் ஏன் வேண்டாம்? ஒண்ணு, சட்டம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 படி லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கறது குற்றம். "எனக்கு மட்டும்தான்"னு சொன்னா தப்பிக்க முடியாது.

8/ ரெண்டு, நம்ம ஊர் வெயில். ஸ்டீம் பீர் 19-ம் நூற்றாண்டு கலிபோர்னியா சரக்கு. ஐஸ் இல்லாததால லாகர் ஈஸ்ட்டைக் கொஞ்சம் வெதுவெதுப்புல புளிக்க வச்சாங்க. வெதுவெதுப்புன்னா 15-18 டிகிரி! ஊட்டி மலை கண்ணுக்குத் தெரியுதுங்கறதுக்காக அந்தக் குளிர் கீழ வருமா? புளிச்சு முடியாம பாட்டில்ல அடைச்சா வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். மெத்தனால்ல போகாத கண்ணு இதுல போகலாம்.

9/ மூணாவதுதான் எனக்குப் பெருசு. 20 லிட்டர் போட்டா 650 மில்லி பாட்டில் 30 வரும். 5 சதவீதம்னா ஒரு பாட்டில்ல சுமார் 25 கிராம் எத்தனால். கடை மூடற நேரம் இல்ல, காசு எண்ற வேலை இல்ல. வெளிய உக்காந்திருந்த சுகர்கார அப்பாவுக்கும் அதே ஃப்ரிட்ஜ்தான். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லிருச்சு.

10/ பொய்ப் பயம் காட்டி நிறுத்தறதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஒரு நாள் அது பொய்னு தெரியும். அப்புறம் நாங்க சொல்ற நெஜத்தையும் நம்ப மாட்டீங்க. அந்தத் தம்பிகிட்ட இதைத்தான் சொன்னேன். "கொள்ளு ரசம் வைக்கக் கத்துக்கறேனுங்க"னு சிரிச்சுட்டுப் போனார். அடுத்த செக்கப்ல கேக்கறேன்.