கல்லில் எழுதிய விசுவாசம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினசோட்டா ஆற்றின் வடகரையில், றென்வில் என்றொரு மாவட்டம் உண்டு. சோளமும் சோயாவும் விளையும் நாட்டுப்புறம். அங்கே மோட்டன் என்னும் சிற்றூரை அடுத்த மேட்டில் இரண்டு கற்றூண்கள் நிற்கின்றன. ஒன்று, 1862 செப்டெம்பரில் பேர்ச் கூலி என்னுமிடத்தில் டக்கோட்டாப் பழங்குடியினரின் முற்றுகைக்குள் அகப்பட்டு மடிந்த அரசுப் படைவீரர்க்கு 1894இல் நாட்டியது. மற்றையது 1899இல் எழுந்தது. அது டக்கோட்டா மக்களுக்கே உரியது. ஆனால் எல்லா டக்கோட்டாக்களுக்கும் அன்று, 'விசுவாசமான' இந்தியருக்கு மட்டுமே.

முதற்றூணைப் பற்றிப் பேச அதிகமில்லை. வென்றவர் தம்மவர்க்குக் கல் நாட்டுவது எங்குமுள்ள வழக்கம். இரண்டாவது தூணில் இடம்பெறக் கலப்பற்ற டக்கோட்டா இரத்தமும், வெள்ளையர் ஒருவரையேனும் காத்த செயலும் வேண்டுமென விதித்தார்கள். (மாவட்டத்திற்குப் பெயர் தந்த ஜோசப் றென்வில் டக்கோட்டாத் தாய்க்கும் பிரெஞ்சுத் தந்தைக்கும் பிறந்தவர்!) அவ்விதிக்கு ஈடுகொடுத்த பெயர்கள் ஆறே.

பின்னர் சேர்க்கப்பட்ட ஆறாவது பெயர் ஸ்னானா என்பவளுடையது. குடியேறிய ஜேர்மானியக் குடும்பமொன்று கொல்லப்பட, அதன் பதினான்கு வயதுப் பெண் மேரி சிறைப்பட்டாள். தன் மகளை அண்மையில் இழந்திருந்த ஸ்னானா ஒரு மட்டக்குதிரையைக் கொடுத்து அவளை மீட்டாள். போர் முடியும்வரை மறைத்துக் காத்தாள். இது பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தியின் செயல். விசுவாசம் என்ற சொல்லுக்கு இங்கென்ன வேலை? அவள் எந்த அரசுக்காக அக்குதிரையைக் கொடுத்தாள்?

கல் சொல்லாதவை பல. இவ்வடகரை நிலமே 1858ஆம் ஆண்டு உடன்படிக்கையால் டக்கோட்டாக்களிடமிருந்து பெறப்பட்டது. 1862இல் அவர்களுக்குச் சேரவேண்டிய பணம் காலந்தாழ்ந்தது, கடனுக்கு உணவு கொடுக்க வணிகர் மறுத்தனர், பசி முற்றியது. போர் முடிந்ததும் 303 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி லிங்கன் பலரை விலக்கிய பின்னரும், டிசெம்பர் 26ஆம் நாள் மன்கேட்டோ நகரில் 38 பேர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு இயற்றிய சட்டம் மற்றையோரை மாநிலத்தைவிட்டே துரத்தியது. அப்போது எவருடைய விசுவாசத்தையும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

இன்று போர்க்களத்திலுள்ள அறிவிப்புப் பலகைகள், படைத்தலைவர் அண்டர்சனின் பார்வையோடு டக்கோட்டாத் தலைவர் வம்டிதங்காவின் பார்வையையும் கூறுகின்றன. 2021இல், போர் மூண்ட தென்கரையிலே 100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அங்குள்ள டக்கோட்டாச் சமூகத்திடம் திரும்பியது. ஆற்றுக்கு இப்பாலுள்ள தூணில், ஸ்னானா விசுவாசியாகவே இருக்கிறாள்.