பழைய டின் போதும், புதுக் கடன் வேண்டாம்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். நட்ட நாளிலிருந்து கிழங்கு பிடுங்கி சேகோ ஆலைக்கு ஏற்றும்வரை ஒன்பது, பத்து மாதம். அதுவரைக்கும் அந்தக் காட்டிலிருந்து பத்துப் பைசா வராது. களைவெட்டுக் கூலி, பிள்ளைங்க பள்ளிச் செலவு எல்லாம் அதுக்குள்ள வந்து நிற்கும். வெள்ளை ஈயும் அந்த மாதங்களில்தான் வரும்.

கடைக்குப் போனால் மருந்து கடனுக்குக் கிடைக்கும். இப்போது 'இயற்கை இடுபொருள்' என்ற பெயரிலும் கிடைக்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகூடக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். ரசாயனக் கடையில் இருந்த பாக்கியை இயற்கைக் கடைக்கு மாற்றுவதற்கா நாம இந்த விவசாயத்துக்கு வந்தோம்?

பொறியை வீட்டிலேயே செய்யலாம். காலி எண்ணெய் டின்னைப் பிரித்து, ஒரு அடிக்கு ஒரு அடி துண்டாக வெட்டுங்கள். விளிம்பை மடக்கித் தட்டுங்கள், இல்லாட்டி கையைக் கிழிக்கும். பூச்சிமருந்து டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கினால் செலவு தெரியாது. காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவி, குச்சியில் கட்டி, பயிரின் தலைக்குச் சற்று மேலே நிற்கும்படி நடுங்கள். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். எக்டருக்கு 12 என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதாவது ஏக்கருக்கு ஐந்து. வாரம் ஒருமுறை துடைத்து மறுபடி எண்ணெய் தடவணும். மழை பெய்தாலோ புழுதி படிந்தாலோ அதற்கு முன்பே செய்யணும். வரப்பில் ஆமணக்கு நின்றால் எண்ணெய்க்கும் வெளியே போக வேண்டாம்.

"அஞ்சு தகரம் வெள்ளை ஈயை ஒழிச்சிடுமா?" என்று கேட்பீர்கள். ஒழிக்காது. பறக்கிற ஈயில் கொஞ்சம்தான் ஒட்டும். ஆனால் போன வாரத்தைவிட இந்த வாரம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று காட்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கணுமா, பொறுக்கலாமா என்று அதை வைத்து முடிவு செய்யலாம். யாரோ சொன்னார் என்று தெளிக்கிற செலவு மிச்சம்.

மலிவாகக் கிடைக்கிறது என்று ஐம்பது தகரம் நடவும் கூடாது. மஞ்சள் நிறம் நல்ல பூச்சியையும் இழுக்கும். 2020-இல் நம் நாட்டில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் இந்தக் குளவி, நமக்குக் கூலி கேட்காத ஆள். பொறியில் குளவியும் பொறிவண்டும் அதிகம் ஒட்டினால் கொஞ்ச நாள் பொறியை எடுத்துவிடுங்கள்.

இதைவிடச் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. தேமல் நோய் வெள்ளை ஈயால் மட்டும் பரவுவதில்லை, நோயுள்ள செடியில் வெட்டிய கரணை வழியாகவும் வரும். இலை இருக்கும்போதே தேமல் இல்லாத செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்த நடவுக்கு அதிலிருந்து மட்டும் கரணை எடுங்கள். இதைச் செய்யாமல் பொறி வைத்துப் பெரிய பயன் இல்லை.

வீட்டில் செய்தது சும்மா வந்தது என்றும் நினைக்காதீர்கள். வாராவாரம் துடைத்து எண்ணெய் தடவுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அந்த நேரத்தையும் கூலியாகக் கணக்கு நோட்டில் எழுதுங்கள். அந்தக் கூலி வீட்டிலேயே நிற்கும், வட்டி கேட்காது.

கிழங்குப் பணம் வருகிற நாளில் அது நேராக நம்ம வீட்டுக்கு வரணும். கடைப் பாக்கிக்குப் போனது போக மிச்சம் என்று வரக்கூடாது.