குடும்பப்பெயர் அற்றவர்களா நாம்?

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப்பெயர்' என்றொரு கட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு செல்லும் இளைஞர் பலரும் அந்தக் கட்டத்தின் முன் சற்றே தயங்கி நிற்கின்றனர். சிலர் தந்தையின் பெயரை அதில் இடுகின்றனர்; சிலர் வெறுமையாக விட்டுவிட்டுப் பின்னர் போகுமிடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். இதைக் காணும் பலர் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். தமிழர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது. இருந்த சாதிப் பட்டத்தையும் உதறிவிட்டோம். ஆகவே பெயரைக் கொண்டு ஒருவருடைய மரபையோ ஊரையோ அறிய வழியில்லை என்பது அம்முடிவு. இது பாதி உண்மை. மறுபாதியை நாம் கவனிக்காமலே தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

ஒப்புநோக்குவதற்கு ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் வடமுனைக்கு அப்பால் கடலில் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளில் இன்று வாழ்பவர்கள் சுமார் 22,000 பேர்தாம். லிங்க்லேட்டர், ஐஸ்பிஸ்டர் முதலிய அரிய குடும்பப்பெயர்கள் அத்தீவுகளில் தோன்றியவை. முதலில் அவை மனிதப் பெயர்கள் அல்ல, நிலத்தின் பெயர்கள். நிலத்தில் வாழ்ந்தவர் அதன் பெயரைப் பூண்டார். அவர் பிள்ளைகளும் பூண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி தன் கனடா வணிகத்துக்கு ஆர்க்னித் தீவினரைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. அதனால் அதே பெயர்கள் இன்று கனடாவிலும், அங்குள்ள பழங்குடியினரோடு மணவுறவு கொண்ட குடும்பங்களிலும் வழங்குகின்றன. ஒரு தீவின் நிலப்பெயர் கடல் கடந்து வேறொரு கண்டத்தில் வேர்விட்ட வரலாறு இது.

இவ்வரலாற்றைத் தடம்பிடிக்க முடிவதற்குக் காரணம் பதிவேடு. அங்கே ஊர்த் தேவாலயங்கள் திருமுழுக்கையும் திருமணத்தையும் எழுதிவைத்தன. 1855 முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு சட்டப்படி கட்டாயமாயிற்று. நியூயார்க் பொது நூலகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பிளாக் தொகுத்த ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர் அகராதி 1946இல் வெளிவந்தது. நூறாண்டு கடந்த குடிக்கணக்கு ஏடுகளும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன; 1921ஆம் ஆண்டின் ஏடு 2022இல் திறக்கப்பட்டது. ஒரு பெயரைச் சொன்னால் அது எந்தப் பள்ளத்தாக்கில் தோன்றியது, எத்தனை பேரிடம் எஞ்சியிருக்கிறது என்று சொல்ல அங்கே ஆள் உண்டு.

நம் பகுதிக்கு வருவோம். சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி வைப்பாற்றில் கலக்கிறது. இரு கங்கைகள் கூடும் குடி என்று ஊர்ப்பெயருக்கு மக்கள் விளக்கம் சொல்வர். அக்கூடலில் அமைந்திருப்பது மாரியம்மன் கோயில். ஆடிக் கடைசி வெள்ளியன்று அங்கே கூடும் கூட்டத்தை இவ்வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. அந்தக் கூட்டத்தில் நின்று "மாரி" என்று குரல் கொடுத்தால் எத்தனை தலைகள் திரும்பும்! மாரியப்பன், மாரிமுத்து, மாரிச்சாமி, மாரிக்கனி, மாரித்தாய், மாரியம்மாள், முத்துமாரி, மாரீஸ்வரி. இவை தனித்தனி இயற்பெயர்கள் என்றுதான் அரசு ஏடு கொள்ளும். ஆனால் இவற்றின் பரவலை உற்றுநோக்கினால் இவை ஒரு நிலத்தின் பெயர்கள் என்பது புலப்படும்.

அதற்குக் காரணமும் உண்டு. இது வானம் பார்த்த கரிசல் காடு. மாரி என்றால் மழை. அம்மை நோய்க்கு உரிய தெய்வமும் அவளே. மழை பொய்த்தாலும் அவளிடம் முறையிட வேண்டும். பிள்ளைக்கு முத்துப் போட்டாலும் அவளிடமே முறையிட வேண்டும். பிழைத்த பிள்ளைக்கு அவள் பெயரை இடுவது நேர்ச்சைக் கடன். பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஒழிந்தது. அந்நோயோடு அதன் அச்சமும் போயிற்று. அச்சத்தில் பிறந்த பெயர் மட்டும் எஞ்சியது. ஆக, மாரி என்று தொடங்கும் ஒவ்வொரு பெயரும் நோய், மழை, நிலம், நம்பிக்கை ஆகிய நான்கும் சேர்ந்து எழுதிய ஓர் ஆவணம்.

இனி இதே வைப்பாற்றின் கரையோடு கீழே இறங்கிச் செல்லுங்கள். விளாத்திகுளத்தைக் கடந்து ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்குமிடத்தில் வைப்பார் என்றே ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அக்கடற்கரையின் பரதவர் 1530களில் கத்தோலிக்க சமயம் தழுவியவர்கள். பர்னாந்து, ரோச், மச்சாது, மிராண்டா, குரூஸ் எனப் போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர்கள் அவர்களிடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருக்கின்றன. தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. 'கொற்கை' நாவலுக்காக 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் ஜோ டி குரூஸ். ஒரே ஆறு, மேலே குடும்பப்பெயரே இல்லாத மக்கள், கீழே லிஸ்பனில் வழங்கும் குடும்பப்பெயரைத் தாங்கிய மக்கள்.

இவ்வேறுபாட்டை விளக்கச் சமயம் மட்டும் போதாது. கடற்கரையில் பங்குக் கோயிலின் ஏடு இருந்தது. கரிசலில் அம்மன் முன் செய்த நேர்ச்சை இருந்தது. ஏட்டில் எழுதிய பெயர் மாறாமல் தங்கித் தலைமுறைப் பெயராகியது. நேர்ச்சையில் பிறந்த பெயரோ ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சூட்டப்பட்டது. பதிவேடு இருந்த இடத்தில் குடும்பப்பெயர். நேர்ச்சை இருந்த இடத்தில் இயற்பெயர். எனவே நம்மிடம் குடும்பப்பெயர் இல்லை என்பதைவிட, குடும்பப்பெயர் செய்யும் வேலையை நம்மிடம் இயற்பெயர் செய்தது என்பதே சரி.

இதை வட்டாரந்தோறும் காணலாம். சொக்கலிங்கம் என்றால் மதுரை. நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. சங்கரநாராயணன், கோமதி என்றால் சங்கரன்கோவில். ரெங்கமன்னார், வடபத்ரசாயி என்றால் திருவில்லிபுத்தூர். கழுகாசலமூர்த்தி என்றால் கழுகுமலை. பூவநாதன், செண்பகவல்லி என்றால் கோவில்பட்டி. திருமேனிநாதன் என்றால் திருச்சுழி. இவற்றுள் அரிதான ஒன்றைக் குறிப்பாகச் சொல்லத் தோன்றுகிறது. விருதுநகரில் வெயிலுகந்தம்மன் கோயில் உண்டு, திருச்செந்தூரிலும் உண்டு. வெயிலை உகந்தவள்! கரிசல் காட்டுக்கும் தேரிக் காட்டுக்கும் இதைவிடப் பொருத்தமாக ஒரு தெய்வப்பெயர் வாய்க்குமா? அவள் பெயரால் வெயிலுகந்தான், வெயிலுகந்தம்மாள், வெயில்முத்து என்று பெயரிட்டனர். இத்தென்மாவட்டங்களைத் தாண்டினால் இப்பெயர் காதில் விழுவது அரிது. ஆர்க்னித் தீவினருக்கு லிங்க்லேட்டர் எப்படியோ, நமக்கு வெயிலுகந்தான் அப்படி. அவர்கள் பெயருக்கு அகராதி இருக்கிறது. நம் பெயருக்கு வருகைப் பதிவேடுதான் இருக்கிறது, அதிலும் அது ஆண்டுக்காண்டு அருகிவருகிறது.

நம் பெயர் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும், வழிவழியாக வராது என்று கூறுவோர் மொழியையே மறந்து பேசுகின்றனர். மகனுடைய மகனை நாம் 'பேரன்' என்கிறோம். அது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைச் சுமப்பவன் பெயரன்; பாட்டியின் பெயரைச் சுமப்பவள் பெயர்த்தி. உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயர்வழி மரபைப் பொதிந்து வைத்திருக்கிறோம். ஒரு தலைமுறை தாண்டி அடுத்ததில் முளைக்கும் பெயர் இது. ஐரோப்பியக் குடும்பப்பெயர் முறையில் பெண்ணின் பெயர் பெரும்பாலும் திருமணத்தோடு அழிந்துபோகும்; அவள் வழியாக எதுவும் இறங்காது. நம் முறையிலோ பாட்டியின் பெயர் பெயர்த்திக்கு வந்தது. தலைப்பெழுத்தில் தந்தையோ கணவனோ ஆண்டாலும், பெயரில் பாட்டி வாழ்ந்தாள். இந்தப் பெண்வழிப் பெயர்ச்சரடு உலகில் எல்லாரிடமும் உள்ள செல்வம் அன்று.

ஊரும் தந்தையும் பெயருக்கு முன்னே நிற்பது சங்கப் புலவர் காலத்து வழக்கு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்பவை சான்று. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர் 'உ.வே.சா.' ஆனது அதன் தொடர்ச்சியே. நம் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் பிறந்து 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பொன்னுச்சாமி, மேலாண்மை பொன்னுச்சாமி என்று ஊரைத் தலையில் சூடிக்கொண்டதும் அவ்வழியே.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெயரில் மரபைத் தேடுவது சாதியைத் தேடுவதில் போய் முடியாதா? இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. குறிப்பாக இந்த மண்ணில் முடியாது. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையொட்டி, இழிவுப்பெயரை நீக்கி 'நாடார்' என்றே அரசு ஏட்டில் எழுதவேண்டும் என்று போராடி வென்றது விருதுநகர், சிவகாசி வட்டாரங்களில் செறிந்து வாழும் ஒரு சமூகம். எட்டே ஆண்டுகளில், 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அம்மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அதே சமூகத்தில் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். (சென்னைப் பாண்டி பஜாரில் உள்ள 'பாண்டி' அவர்தாம், புதுச்சேரி அன்று.) மதிப்புக்காக ஒரு பெயரைப் பெறுவதும், சமத்துவத்துக்காகப் பட்டத்தை விடுவதும் ஒரே பயணத்தின் இரு படிகள்.

ஸ்காட்லாந்திலும் ஒரு பெயர் மறைந்த கதை உண்டு. 1603இல் மெக்கிரிகர் என்ற பெயரையே அரசு தடை செய்தது. அக்குலத்தார் வேறு பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தனர். தடை முற்றாக நீங்கியது 1774இல். அங்கே பெயர் ஆணையால் பறிக்கப்பட்டது. இங்கே பட்டம் கொள்கையால் துறக்கப்பட்டது. பறிபோனதை மீட்க வேண்டும். துறந்ததை மீண்டும் எடுத்துச் சூடக் கூடாது. நான் காக்கச் சொல்வது பட்டத்தை அன்று. மாரியப்பன் எந்தச் சாதி என்று பெயரைக் கொண்டு எவரும் சொல்ல முடியாது. எந்தச் சீமை என்று சொல்லிவிடலாம். ஊரைச் சொல்லி, சாதியைச் சொல்லாத பெயர்! சமத்துவத்தை விரும்புவோர் கொண்டாட வேண்டிய பெயர்மரபு இதுவன்றோ?

பழம்பெயர் எல்லாம் பொன் என்றும் நான் சொல்லவில்லை. மூன்றாவதோ நான்காவதோ பெண்ணாகப் பிறந்ததற்காகப் 'போதும்பொண்ணு' என்று பெயரிடப்பட்ட பெண்கள் இம்மாவட்டத்தில் இருக்கின்றனர். அப்பெயரை அரசிதழ் வழியே மாற்றிக்கொள்ள விரும்பிய மாணவி ஒருத்திக்கு விண்ணப்பம் எழுத நானே உதவியிருக்கிறேன். தன்னை வேண்டாதவளாக அறிவிக்கும் பெயரைச் சுமக்க வேண்டிய கடமை எவர்க்கும் இல்லை. ஆனால் அப்பெயர் இருந்தது என்பதையும் ஏடு சொல்ல வேண்டும். இல்லையேல் நாளைய வரலாறு நம் பெற்றோரெல்லாம் பெண்மகவைப் பூத்தூவி வரவேற்றதாக எழுதிவிடும்.

இன்று வகுப்பறையில் மாரியம்மாள்கள் குறைந்துவிட்டனர். எண்கணிதம் பார்த்து, வடவெழுத்து கூட்டி, எந்த ஊரையும் சுட்டாத பெயர்கள் நிறைந்துள்ளன. பாட்டி பெயரை இட்டால் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அதே வேளையில் கடவுச்சீட்டு என்னும் புதிய பங்கு ஏடு நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. அதில் எழுதப்படுவது உறைந்து நிற்கும். சதுரங்க வீரர் ஆனந்தை உலகம் 'விஷி' என்று அழைத்தது தந்தை விஸ்வநாதனின் பெயரைச் சுருக்கித்தான். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையின் தந்தை பெயரிலுள்ள 'பிச்சை' இன்று உலகறிந்த குடும்பப்பெயர். தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு நம் ஊர்களில் இடும் நேர்ச்சைப் பெயர் அது. நாளை டெக்சாசிலோ சிங்கப்பூரிலோ வெயிலுகந்தான் என்பது ஒரு குடும்பப்பெயராகத் தங்கி, அதன் வேரைத் தேடி ஒருவர் விருதுநகருக்கு வரக்கூடும். அவருக்கு விடை சொல்ல நம்மிடம் என்ன ஏடு இருக்கப்போகிறது?

குடிக்கணக்கு உதவாது, 1948ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனித விவரங்களை வெளியிடாமல் காக்கிறது. அது முறையும்கூட. ஆனால் வாக்காளர் பட்டியல் தமிழிலேயே, வாக்குச்சாவடி வாரியாக வெளியாகிறது. ஒருவரது பெயரோடு தந்தை அல்லது கணவர் பெயரும், வயதும் அதில் உண்டு. தனியாட்களைச் சுட்டாமல், எந்த ஊரில் எந்தப் பெயர் எத்தனை என்று மட்டும் எண்ணினாலே ஒரு பெயர் வரைபடம் கிடைக்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டோரையும் முப்பதுக்குக் கீழ்ப்பட்டோரையும் ஒப்பிட்டால் எது மறைகிறது என்பதும் தெரியும். பழைய தொடக்கப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் இன்னும் கரையானுக்கு இரையாகாமல் எஞ்சியிருக்கின்றன. முதுகலை மாணவர் ஒருவர் ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால் ஓராண்டில் முடிகிற வேலை. சங்க இலக்கியத்தில் உவமைகளை நூறாவது முறையாக எண்ணும் ஆய்வேட்டைவிட இது பயனுடையது என்று தமிழ்த்துறையில் பணியாற்றுபவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எண்ணுவதற்கு முன் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது உங்கள் பாட்டியின் பாட்டி பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எண்பதைக் கடந்தவர்கள்.