பாராட்டு விழா வேண்டாம், கணக்கைக் கொடுங்கள்

முப்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பும் பிரதி செம்மையாக்கமும் செய்துவரும் என்னிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இனி என்ன? ஓய்வுதானே?” ஓய்வு பெறுவதற்கு ஒரு பணி இருந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தவை வேலைகள் மட்டுமே. வைப்புநிதி இல்லை, பணிக்கொடை இல்லை, ஓய்வூதியம் இல்லை. 2017இல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு அதில் ஒரு நாள்கூடக் கிடையாது.

இந்த ஏற்பாட்டை ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள், சுதந்திரமான வேலையாம். யாருக்குச் சுதந்திரம்? வேலை இருந்தால் கூப்பிடவும், இல்லாவிட்டால் மறந்துபோகவும், “புத்தகக் கண்காட்சி முடியட்டும்” என்று பணத்தைத் தள்ளிப்போடவும் வேலை கொடுப்பவருக்கு இருக்கும் சுதந்திரம் அது. பெண்கள் இதை விரும்பித்தானே தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில், கணவனுக்கு மாற்றல் வந்த வீட்டில், மாமியார் படுத்த படுக்கையாகிவிட்ட வீட்டில் நமக்கு எஞ்சியிருந்த வேலை இதுதான். எஞ்சியதை எடுத்துக்கொள்வதற்குத் தேர்வு என்று பெயர் சூட்டாதீர்கள்.

“கைச்செலவுக்கு ஆகுமே” என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டு அரிசிக்குக் கணவன் சம்பாதிக்கிறான் என்ற நினைப்பில் பதிப்பகம் குறைவாகக் கொடுக்கிறது. கொடுப்பது குறைவு என்பதால் குடும்பம் அதைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறது. மெய்ப்புத் திருத்திக்கொண்டிருப்பவளை எழுப்பிக் காபி கேட்கிறது. வீடும் சந்தையும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கின்றன.

சிறு பதிப்பகங்கள் கஷ்டத்தில் இருப்பது உண்மை. ஆனாலும் தாள் கடைக்காரருக்கும் அச்சகத்துக்கும் பில் தீர்க்கப்படுகிறது. தாள் கடைக்காரரிடம் யாரும் இலட்சியம் பேசுவதில்லை. பெண்ணிய நூல்களை வெளியிடுகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல், எழுத நினைக்கும் பெண்ணுக்குத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்றார். நாம் அறையை நினைவில் வைத்துக்கொண்டோம், பணத்தை மறந்துவிட்டோம். அந்தக் கட்டுரையில் பேசும் பெண்ணுக்கு அந்தப் பணம் அத்தை எழுதிவைத்துப் போனது. நமக்கு எழுதிவைத்துப் போக யாரும் இல்லை. ஆனால் நம் உழைப்பில் விளைந்த ஒரு சொத்து இருக்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் படியுங்கள். மூல ஆசிரியரின் அனுமதியோடு செய்த மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. ஊழியராக இல்லாமல் ஒரு தனியார் பதிப்பகத்துக்குச் செய்து கொடுத்திருந்தால் முதல் உரிமையாளர் நீங்கள்தான். அந்த உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஐந்து ஆண்டுகள்தான். உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். தொலைபேசியில் பேசி முடித்து, மொத்தமாக ஒரு தொகையைக் கையில் வைத்துவிட்டு, மூன்றாம் பதிப்பு நான்காம் பதிப்பு என்று போட்டுக்கொண்டே போகிறவர்கள் இதை நாம் படிக்கமாட்டோம் என்று நம்புகிறார்கள். செம்மையாக்குகிறவளுக்கு இந்த உரிமையும் இல்லை. அவளுக்குக் கூலிதான் எல்லாம். அதனால் அந்தக் கூலி உயர வேண்டும்.

இனி என்ன என்ற கேள்விக்கு என் பதில் இது. பொன்னாடையும் ‘வாழ்நாள் சேவை’ப் பட்டமும் வேண்டாம். நான் மொழிபெயர்த்த நூல்களின் பட்டியலை எடுத்திருக்கிறேன்: எது எத்தனை பதிப்பு வந்தது, எதற்கு ஒப்பந்தம் இருக்கிறது, எதற்கு இல்லை. ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் கடிதம் போகும்.

இந்தத் தொழிலுக்கு வரும் மாணவிகளே, கூலியைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று சொல்லித்தந்தவர்களை நம்பாதீர்கள். பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள், மறைக்காமல் சொல்லுங்கள். முதல் பக்கத்தைத் தொடும் முன் தொகை, தவணை, காலம், மறுபதிப்புக்கான ராயல்டி நான்கையும் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அந்த நூலை அவர்களே மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.