பிரதி விலைபோகட்டும், மூலம் வீட்டிலிருக்கட்டும்

பழனி மலையின் மேற்றளத்தில், பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களுக்கு அண்மையில், ஏரியும் சோலைக்காடும் சூழ அமைந்த கூக்கால் கிராமத்து விவசாயிக்கு, ஓர் ஊரின் பெயர் சட்டத்தின் துணை பெற்றால் அதற்குத் தனி மதிப்பு உண்டாகும் என்பதை எவரும் போதிக்க வேண்டியதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. மண்ணில் விளைந்ததற்குக் கிடைத்த அந்த மரியாதை, நம் முன்னோர் காலத்துத் தச்சர் கையில் உருவான கதவுக்கும் ஊஞ்சலுக்கும் பெட்டகத்துக்கும் கிடைக்க வேண்டும்; அதனால் வரும் வருமானம் அப்பொருள்கள் இருக்கும் பழைய வீடுகளின் ஜீர்ணோத்தாரணத்துக்கே செலவாக வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இன்று விலைக்கு நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களும், செதுக்கு வேலைப்பாடுள்ள நிலைக்கதவுகளும், பெல்ஜியக் கண்ணாடிகளும், எனாமல் பாத்திரங்களும் ஒரு காலத்தில் நகரத்தார் வீடுகளின் முகப்பையும் வளவையும் அலங்கரித்தவை. தலைமுறைதோறும் உரிமை பங்காளிகளிடையே பிரிந்துகொண்டே போக, ஓடு மாற்றும் செலவுக்கு ஒருவர் இசைந்தால் மற்றொருவர் இசையாமற்போக, வீட்டைப் பிரித்து விற்பது ஒன்றிலேயே எல்லோரும் உடன்படும் நிலை பல குடும்பங்களுக்கு நேர்ந்துவிட்டது. அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமன்று. வீட்டைக் காக்கச் சொல்வோர் அதற்கான திரவியத்துக்கும் வழி சொல்ல வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது பெருமைதான்; ஆனால் அந்தப் பெருமையோடு பணம் வருவதில்லை.

வழி ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், ராக்ஃபெல்லரின் கொடையால் 1926 முதல் புனருத்தாரணம் செய்யப்பட்ட வில்லியம்ஸ்பர்க் நகரத்தைப் பரிபாலிக்கும் ஸ்தாபனம், தன் வசமுள்ள நாற்காலி, மேஜை, பீங்கான் முதலியவற்றை அளவெடுத்து, தேர்ந்த உற்பத்தியாளருக்குப் பிரதி செய்யும் அனுமதியை 1930களிலேயே வழங்கி, விற்பனையில் தனக்குரிய பங்கைப் பெறலாயிற்று. மூலப்பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது; அதன் உருவம் மட்டும் வீடுவீடாகச் சென்றது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இடந்தருமா என்று கேட்கலாம். நெடுங்காலமாக வழங்கிவரும் ஓர் உருவத்தைப் புதிய வடிவமென்று பதிவு செய்ய இயலாது என்பது மெய்யே. ஆயினும், இன்ன வீட்டின் இன்ன பெட்டகத்தை அளவெடுத்துச் செய்த பிரதி இது என்று உறுதி கூறும் சான்றுக்குறியைப் பதிவு செய்து, அதைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெற வணிகக்குறிச் சட்டம் இடந்தருகிறது. தவிரவும், நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. புதிய பிரதிக்கு அந்தத் தடை இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் தம் பாட்டன் வீட்டு ஊஞ்சலை ஒத்த ஒன்றை நேர்வழியில் வாங்க இதைவிட உசிதமான மார்க்கம் இல்லை.

பிரதிகள் பெருகினால் போலிகளும் பெருகும் என்ற ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பிரதியென்று மறைக்காமல், செய்த ஆண்டும் தச்சரின் பெயரும் மரத்திலேயே பொறிக்கப்பட வேண்டுமென்பதை அனுமதியின் முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும். வேலை உள்ளூர்த் தச்சருக்கே தரப்பட வேண்டும் என்பதையும் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். இயந்திரத்தில் கடைந்து குவித்த பொருளுக்கு அந்தக் குறி கிடைக்குமானால் கைத்தொழிலும் அழியும், வாங்குவோரின் நம்பிக்கையும் அழியும்.

பாரம்பரிய ஆணையத்துக்கென 2012இல் சட்டம் இயற்றிய தமிழக அரசு, 1973 முதல் கைவினைப் பொருள்களை விற்றுவரும் பூம்புகார் நிறுவனத்தையும் வீட்டு உரிமையாளரையும் ஒன்றுசேர்த்து, இதற்கெனத் தனி நிதியொன்றை நிறுவ வேண்டும். வசூலாகும் கட்டணம் பொதுக் கஜானாவில் கலந்துவிடாமல், எந்த வீட்டின் பொருள் பிரதியாயிற்றோ அந்த வீட்டின் கூரைக்கும் சுவருக்கும் முதலில் சேர வேண்டும். அளவெடுக்கும் பணி செட்டிநாட்டு மாளிகைகளோடு நின்றுவிடலாகாது. கூக்கால் போன்ற மலையூர்களில் எஞ்சியுள்ள எளிய பழைய வீடுகளின் கதவும் கட்டிலும் பெட்டியும், அவை பிரிக்கப்படுவதற்கு முன்பே, அளவெடுத்துப் பதியும் ஏட்டில் ஏற வேண்டும்.